ஹார்ட் அட்டாக்தான்

நான்காவது கேள்வியின் பதிலுக்கு முற்றுப்புள்ளி வைக்கப் போன நேரத்தில் போன் அடித்தது.

காலை ஏழு இருபது. சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினி, பக்கத்தில் ஏடு படிந்து ஆறிப்போன காபி. உள்ளே கணவர் குளிக்கும் சத்தம். நிதி தரும் அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கைக்கு அன்று மாலை ஐந்து மணி கெடு. எதையும் கடைசி நாள்வரை இழுக்கிற ஆள் இல்லை அவள். பதினோரு வருடமாக ஒரு மனநலத் தொண்டு நிறுவனத்தின் மானியங்களைப் பார்த்துக்கொள்பவள். விண்ணப்பம் எழுதுவது, வாங்கிய பணம் எங்கே போனது என்று சொல்வது, கொடுத்தவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் முகம் கோணாமல் பதில் எழுதுவது எல்லாம் அவள் தலையில்தான். மற்ற கேள்விகளைப் போன வாரமே முடித்துவிட்டாள். நான்காவது மட்டும் தொண்டையில் சிக்கின மாதிரி நின்றது.

'சென்ற ஆண்டு நிதி குறைக்கப்பட்டதால் பயனாளிகளுக்கு நேர்ந்த பாதிப்புகள் யாவை?'

எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் அன்று காலை, 'குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை' என்று அடித்திருந்தாள். அடித்த நேரத்தில் அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

போனில் சிஸ்டர். நிறுவனம் நடத்தும் இல்லத்தில் எட்டுப் பேர் தங்கியிருந்தார்கள்; அவர்களைப் பார்த்துக்கொள்பவள். முன்பு நர்ஸாக இருந்ததால் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்.

"அக்கா, ஜட்ஜு சார்..."



இல்லத்தில் ஜட்ஜு என்றால் அவள் தம்பி. டிவி ரிமோட் யார் கையில் இருக்க வேண்டும், குளியலறைக்கு யார் முதலில், காணாமல் போன செருப்பு யாருடையது என்று எந்தத் தகராறு வந்தாலும் தீர்ப்புச் சொல்வது அவன்தான் என்பதால் வந்த பெயர். தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான். "வழக்கு தள்ளுபடி. எல்லாரும் போய் டீ குடிங்க."

"மூச்சு இல்லக்கா. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. நானும் கூடத்தான் போறேன்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"பெரியாஸ்பத்திரி."

"வர்றேன்."

எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு போனுக்குப் பயந்துதான் அவள் இருந்தாள். தம்பிக்கு இருபத்து நாலு வயதிருக்கும்போது, நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் கைப்பிடிச் சுவர்மேல் நின்றவனைத் தீயணைப்புக்காரர்கள் பேசிப் பேசிக் கீழே இறக்கினார்கள். அதற்கப்புறமும் இரண்டு முறை, கடைசி நொடியில் பிடித்து நிறுத்தினார்கள். அன்றிலிருந்து போன் மணி கேட்டால் முதலில் அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள். பிறகுதான் கை போனை எடுக்கும். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், சினிமாத் தியேட்டரிலும் அப்படித்தான், மகள் பட்டம் வாங்க மேடை ஏறிய நேரத்திலும் அப்படித்தான். அந்தச் செய்தி வந்தால் என்ன கேட்பது, யாருக்கு எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இப்போது உதவிக்கு வரவில்லை. குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"என்னங்க, கார் சாவி எங்க?"

கணவர் தலை நிறைய நுரையோடு எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "ரெண்டே நிமிஷம்" என்று உள்ளே போய் அவசரமாக அலசிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் காதோரம் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது.

காரில் அவள் கண்முன் நின்றது தம்பியின் முகம் இல்லை. ஓர் அட்டவணை.

போன வருடம் அறக்கட்டளை மானியத்தில் கால் பங்கை வெட்டியபோது, இல்லத்துச் செலவில் எதை நிறுத்துவது என்று அவள் போட்ட அட்டவணை. மூன்று வரி. வாரம் ஒருமுறை வரும் மனநல டாக்டர். ஆஸ்பத்திரிக்கும் பகல்நேர மையத்துக்கும் ஆட்களைக் கூட்டிப் போகும் வேன். ராத்திரி வந்து தங்கும் பணியாளர். ஏதாவது ஒன்று போக வேண்டும். "நீயே சொல்லு, எனக்கு மண்டை காயுது" என்று செயலாளர் மேடம் அவளிடம் தள்ளிவிட்டார். டாக்டர் இல்லாவிட்டால் மருந்து தடுமாறும். வேன் இல்லாவிட்டால் பாதிப் பேர் மையத்துக்கே வரமாட்டார்கள். இரவுப் பணியாளர் வரியில் அவள் கோடு போட்டாள். நியாயமான கணக்குத்தான். ஆனால் தன் தம்பி இருக்கிற இடத்துக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக்கூடாதே என்பதும் அந்தக் கோட்டில் ஒரு சிட்டிகை கலந்திருந்ததோ என்று அவளுக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை, கணவரிடம்கூட.

இல்லத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னவளும் அவள்தான். எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பிதான் முதலில் பேசினான்.

"அந்த மனுஷன் வந்ததும் படுத்துடறாரு. குறட்டை வேற. திருடன் வந்தா அவரைத் தூக்கிட்டுப் போயிடுவானோன்னு நாங்கதான் முழிச்சிருந்து காவல் காக்கறோம். அவரை வீட்ல போய் நிம்மதியாத் தூங்கச் சொல்லு. வழக்கு தள்ளுபடி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தவன், "நீ மூஞ்சிய இப்படி வச்சிருக்காத, பாக்க சகிக்கல" என்று மட்டும் சொன்னான்.

"நீ பாட்டுக்கு எதையாவது முடிவு பண்ணிக்காத" என்றார் கணவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போய்ப் பாப்போம்."

"ம்."

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

ஆஸ்பத்திரியில் அவனைக் காட்டினார்கள். ஒரு நிமிடம்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் பார்த்தது கழுத்தை; அப்புறம் மணிக்கட்டுகளை; அப்புறம் உதட்டோரத்தை. இப்படிப் பார்க்கிறோமே என்று தெரிந்தும் கண் அங்கேதான் போனது. ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் ஒரு நசுங்கிய சிகரெட் பாக்கெட்.

வெளியே வராந்தா பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். தம்பியின் அறைத்தோழர். பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவர். குடி வேலையையும் லைசென்ஸையும் வீட்டையும் வரிசையாக வாங்கிக்கொண்டது. இப்போது குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அறுபது வயது இருக்கும். இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்மேல் வைத்து, நேராக நிமிர்ந்து, யாரோ படம் எடுக்கப்போவது போல உட்கார்ந்திருந்தார். இடதுதோளில் சட்டை ஈரமாக இருந்தது.

சிஸ்டர் அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனாள்.

"ஏழு மணிக்கு வந்தேங்கா. கிச்சன் பெஞ்சுல ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. ஜட்ஜு சார் டிரைவர் தோள்ல சாஞ்சிருந்தாரு. நான் குட் மார்னிங் சொன்னேன். டிரைவர் வாய்ல விரல வச்சு 'ஷ்ஷ்'ங்கறாரு. தூங்கறாராம். நானும் செருப்பைக் கழட்டிட்டுப் பூனை மாதிரி போய்ப் பால் காய்ச்சினேன்..." சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பால இறக்கி வச்சிட்டுத் திரும்பிப் பாக்கறேன், அவரு கை தொங்கற விதம் சரியா இல்ல."

"எவ்வளவு நேரமா அப்படி இருந்தாங்களாம்?"

"டிரைவர் வாயத் திறக்க மாட்டேங்கறாருக்கா. ஆம்புலன்ஸ்காரங்க கேட்டாங்க, டாக்டர் கேட்டாரு. மனுஷன் கல்லு மாதிரி இருக்காரு."

ராத்திரி ஆள் இல்லாத இல்லத்தில் நடந்த சாவு. அதிலும் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அறுத்துப் பார்த்துத்தான் உடலைக் கொடுப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு போலீஸ்காரர் வந்து பெயர், வயது, முகவரி எழுதிக்கொண்டார். முன்பு ஏதாவது முயற்சி உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். எத்தனை முறை என்றார். மூன்று என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். மோசமான ஆள் இல்லை. எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிறகு சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போய்ப் பூட்டின அலமாரியில் இருந்த மாத்திரைகளை எண்ணச் சொன்னார்.

பத்தரைக்கு சிஸ்டர் போன் செய்தாள். "சரியா இருக்குக்கா. எல்லாருடையதும் எண்ணியாச்சு. ஒண்ணுகூடக் குறையல."

அவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. இறங்கின வேகத்திலேயே திரும்ப ஏறிக்கொண்டது. வேறு எங்கேயாவது சேர்த்து வைத்திருந்தால்? வெளியே வாங்கியிருந்தால்? ராத்திரி ஒருவர் இருந்திருந்தால் அதைப் பார்த்திருப்பாரே? குறட்டை விடுகிற ஆளானாலும், தண்ணீர் குடிக்க ஒருதரம் எழுந்திருக்க மாட்டாரா?

கணவர் எங்கிருந்தோ இரண்டு பன்னும் டீயும் வாங்கிவந்தார். அவள் பன்னைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். டிரைவர் டீயை வாங்கிப் பெஞ்சில் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

பதினொன்றரைக்குச் செயலாளர் மேடம் வந்தார். அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி, அந்த வலியோடு ஒரு நிறுவனத்தையே இழுத்துக்கொண்டு போகிறவர். வந்தவுடன் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரிப்போர்ட்டைப் பத்தி நீ யோசிக்காத. லேப்டாப்பைக் குடு, நான் அனுப்பிடறேன்."

"நாலாவது கேள்வி இருக்கு மேடம்."

"அதையும் எழுதிடறேன்னு நேத்தே சொன்னியே."

"இன்னிக்குக் காலைல எழுதினேன். பாதிப்பு எதுவும் இல்லைன்னு."

செயலாளர் தன் முழங்காலைத் தேய்த்துவிட்டார். யோசிக்கும்போது அப்படிச் செய்வது அவர் வழக்கம்.

"இங்க பாரு. ரிப்போர்ட்டு போன மாசத்தோட முடியற வருஷத்துக்கு. இது இந்த மாசம். நாம எதையும் மறைக்கல. அடுத்த வருஷ ரிப்போர்ட்ல எழுதுவோம்." குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஏழு பேர் அந்த வீட்டை நம்பி இருக்காங்கம்மா. இது வேற மாதிரி ஆயிருந்து, அதை நாமளே எழுதியும் குடுத்தா, மொத்தத்தையும் நிறுத்திடுவாங்க."

வேற மாதிரி. எல்லோரும் அந்த இரண்டு வார்த்தையைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். அதைவிட அவளைச் சுட்டது ஒன்று: செயலாளர் சொல்வதற்கு முன்னாலேயே, காரில் வரும்போதே, அவளுக்குள் இருந்த மானியப் பொறுப்பாளர் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டிருந்தாள். தம்பி செத்துக் கிடக்க, இல்லம் மூடப்படுமா என்று.

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு மேடம்" என்றாள்.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். இளம் வயது; கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. அவளும் கணவரும் எழுந்து நின்றார்கள். கணவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அக்காவா?"

"ஆமா டாக்டர்."

"ஹார்ட் அட்டாக்தான். பெரிய குழாய் ஒண்ணு முழுசா அடைச்சிருக்கு. இன்னும் ரெண்டுல பழைய அடைப்பு. சிகரெட் நிறைய பிடிப்பாரோ?"

"முப்பது வருஷமா."

"ம். நுரையீரலைப் பாத்தாலே தெரியுது."

"வேற..." அவள் கணவரை ஒருமுறை பார்த்தாள். "வேற எதுவும் இல்லையே டாக்டர்?"

டாக்டருக்குப் புரிந்தது. "இல்லம்மா. வேற எதுவும் இல்ல. வழக்கப்படி சாம்பிள் அனுப்பியிருக்கோம், அது விதிமுறை. ஆனா காரணம் இதுதான், எனக்குச் சந்தேகமே இல்ல. வெளிய நடமாடற எத்தனையோ பேருக்கு வர்றதுதான்."

அவள் நன்றி சொல்லவில்லை. இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது.

"ராத்திரி யாராவது வேலைக்கு இருந்திருந்தா, டாக்டர்?"

அவர் உடனே பதில் சொல்லாதது அவளுக்குப் பிடித்தது.

"ஆம்புலன்ஸுக்குச் சீக்கிரம் போன் போயிருக்கும்" என்றார். "ஆனா இந்த அடைப்புக்கு அவருக்கு இருந்த நேரம் நிமிஷக் கணக்குதான். ஆம்புலன்ஸ் வந்து சேர்றதுக்குள்ளயே முடிஞ்சிருக்கும். இங்க வாசல்ல வச்சு வந்திருந்தாக்கூட நான் உறுதி குடுத்திருக்க மாட்டேன்."

அவர் போனபிறகுதான் அவள் உட்கார்ந்தாள். கையில் இருந்த பன்னைப் பார்த்தாள், தின்ன ஆரம்பித்தாள். காய்ந்துபோன பன். பாதியில் கண்ணீர் வந்தது. நிறுத்தாமல் மென்றுகொண்டே இருந்தாள். கணவர் தன் பங்கையும் அவளிடம் நீட்டினார். அதையும் தின்றாள்.

பிறகு போனை எடுத்தாள். முதலில் மகளுக்கு. அப்புறம் சித்தப்பாவுக்கு. சித்தப்பா போனை எடுத்த மாத்திரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சாவுச் செய்தி அவர் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது.

"என்னம்மா... அதானா?"

"இல்ல சித்தப்பா. ஹார்ட் அட்டாக்!"

சொன்ன பிறகுதான் அது தன் காதில் எப்படி விழுந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. பரீட்சையில் பாஸ் என்று சொல்கிற குரல். எதிரே டிராலி தள்ளிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார்.

"நிஜமாவா?" என்றார் சித்தப்பா.

"டாக்டரே சொன்னாரு. அடைப்பு. சிகரெட்டு."

"அப்பாடா" என்றார் சித்தப்பா. உடனே, "ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா..." என்று தடுமாறினார்.

"பரவால்ல சித்தப்பா. நானும் அதான் சொன்னேன்."

பழைய சிநேகிதிக்குச் சொன்னாள். மூத்த நாத்தனாருக்குச் சொன்னாள். பேசி ரொம்ப நாளான ஓர் அத்தை மகனுக்குக்கூடச் சொன்னாள். எல்லோரிடமும் அதே இரண்டு வார்த்தை. எல்லோரும் அந்தப் பக்கம் ஒரு விநாடி அமைதியாகி, பிறகு மூச்சை விட்டார்கள். அவனை நினைத்து இவ்வளவு பேர் இத்தனை வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்களா? அம்மா இருந்திருந்தால் முதல் போன் அவளுக்குப் போயிருக்கும். தொடர்புப் பட்டியலில் அம்மாவின் எண் இன்னும் இருந்தது. அதைத் தாண்டிக் கீழே நகர்த்தினாள்.

பெஞ்சில் டிரைவர் அதே இடத்தில் இருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சே முக்காலுக்கு எந்திரிச்சாரு" என்றார் டிரைவர், திடீரென்று. "நான் டீ போட்டேன். ரெண்டு வாய் குடிச்சாரு. நெஞ்சு எரியுது, கேஸுன்னாரு. முதுகைத் தடவி விட்டேன். நல்லாருக்கு டிரைவர், அப்படியே தடவுன்னாரு. அப்புறம் சாஞ்சிட்டாரு."

அவள் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் போன் பண்ணியிருக்கணும்மா. சிஸ்டர் நம்பர் செவுத்துல எழுதிதான் இருக்கு. பண்ணல." சட்டையின் இடதுதோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவரு ராத்திரி பூரா ரூமுக்குள்ள நடப்பாரும்மா. நாலு வருஷமா ஒரே ரூமு, அவரு அசந்து தூங்கி நான் பாத்ததே இல்ல. சரி, இப்பவாவது தூங்கறாரேன்னு... தோள் மரத்துப் போச்சு. அசைஞ்சா எந்திரிச்சிடுவாரேன்னு அசையல."

"ஒரு மணி நேரமா?"

"மேலயே இருக்கும்."

"எப்ப தெரிஞ்சுது அண்ணே?"

வராந்தாக் கோடியில் யாரோ ஒரு நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள்.

"சிஸ்டர் வர்றதுக்கு முன்னாடியே" என்றார். "எழுப்ப மனசு வரல."

அவள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவ்வளவு பழக்கமில்லை என்று தோன்றி, பெஞ்சின் விளிம்பில் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் அண்ணே. நிமிஷக் கணக்குதானாம். போன் பண்ணியிருந்தாலும், யாரு இருந்திருந்தாலும், ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம். ஆஸ்பத்திரி வாசல்ல வந்திருந்தாலும் முடியாதாம்."

ஆம்புலன்ஸுக்குச் சீக்கிரம் போன் போயிருக்கும் என்று டாக்டர் சொன்ன முதல் பாதியை அவள் சொல்லவில்லை. அது அவளுடைய பங்கு, அவளே வைத்துக்கொண்டாள்.

"அப்படியா சொன்னாரு?"

"அப்படித்தான் சொன்னாரு."

டிரைவர் தலையை ஆட்டினார். பெஞ்சில் ஆறிக் கிடந்த டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு முகத்தைச் சட்டையின் இடதுதோளில், அந்த ஈரம் காய்ந்த இடத்தில், துடைத்துக்கொண்டார்.

மூன்றரைக்கு அவள் மடிக்கணினியைத் திறந்தாள். காலையில் அடித்த வரி அப்படியே, முற்றுப்புள்ளி இல்லாமல் நின்றது. அதை அழித்தாள். இந்த முறை கை தயங்கவில்லை.

'நிதி குறைக்கப்பட்டபின் இல்லத்தில் இரவுப் பணியாளர் இல்லை. இரவு நேரத்தை இல்லத்தில் வசிப்பவர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கழித்து வருகிறார்கள். அறிக்கைக் காலம் முடிந்தபின், இன்று அதிகாலை, அவர்களில் ஒருவர் மாரடைப்பால் இறந்தார். பணியாளர் இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்பது மருத்துவரின் கருத்து. இறந்த நேரத்தில் அவர் தனியாக இல்லை. உடன் வசிப்பவர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். அந்த வேலையை இனி அவர்களிடம் விட்டுவைப்பது முறையல்ல. இரவுப் பணியிடத்தை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தவள் நான். இறந்தவர் என் தம்பி.'

செயலாளரிடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். திரும்ப ஒருமுறை வாசித்தார்.

"கடைசி ரெண்டு வரி ரிப்போர்ட்ல வர்ற விஷயம் இல்லம்மா."

"பாதிப்பு என்னன்னு அவங்கதான மேடம் கேட்டாங்க."

"மொத்தத்தையும் நிறுத்திட்டா?"

"நிறுத்தினா ஏழு பேருக்கும் நானே போய்ச் சொல்றேன். போன தடவை மாதிரி."

செயலாளர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். வராந்தாவில் டிரைவர் உட்கார்ந்திருந்த திசையைப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் விசைப்பலகையைத் தேடித் தேடி, விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தார்.

"அனுப்பு" என்றார்.

அன்று மாலை ஆறரைக்கு, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, புடவையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தாள். கண் விழித்தபோது காலை ஏழு. பன்னிரண்டரை மணி நேரம். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கியதில்லை. கணவர் நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எழுப்பல?"

"ரெண்டு தடவை மூக்குக்கிட்ட கை வச்சுப் பாத்தேன். மூச்சு வந்துச்சு. விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்று சிரிக்கலாமா என்று நினைப்பதற்குள் சிரித்து முடித்திருந்தாள்.

மின்மயானத்துக்குக் கிளம்பும்போது அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. அவளோடு இரண்டு வருடமாகக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்த திட்ட அலுவலர். குரலைக் கேட்பது இதுதான் முதல்முறை. கொஞ்சம் திக்கிப் பேசுகிறவர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அறிக்கையைப் படிச்சேன். ரொம்ப... ரொம்ப வருத்தமா இருக்கு. இன்னிக்குப் பேசக்கூடாதுதான். மானியம் தொடரும், அதை மட்டும் சொல்லிடலாம்னு கூப்பிட்டேன். நீங்க அதை நெனச்சுக் கவலைப்பட வேணாம்."

"சரிங்க."

"அவசரத் தேவைன்னு தனியா ஒரு நிதி இருக்கு. ராத்திரிப் பணியாளருக்கு அதுல விண்ணப்பம் போடுங்க. உறுதி சொல்ல முடியாது. ஆனா போடுங்க. நான் எடுத்துப் பேசறேன்."

"திங்கட்கிழமை அனுப்பறேன்."

"அவசரம் இல்ல மேடம்."

"திங்கட்கிழமை அனுப்பிடறேன்" என்றாள் மறுபடியும்.

மயானத்தில் கூட்டம் பெரிதாக இல்லை. சித்தப்பா, மகள், நாலைந்து உறவுக்காரர்கள், நிறுவனத்து ஆட்கள், வேனில் வந்திறங்கிய ஏழு பேர். இல்லத்து ஆட்களில் யாரோ தம்பியின் தலையை வாரிவிட்டிருந்தார்கள். வகிடு வலப்பக்கம் விழுந்திருந்தது. அவள் விரலாலேயே அதை இடப்பக்கத்துக்கு மாற்றினாள். முடி குளிர்ந்து, சொன்ன பேச்சைக் கேட்டது. உயிரோடு இருந்தவரை அது கேட்டதே இல்லை. சித்தப்பா பக்கத்தில் வந்து நின்று, "நல்ல சாவும்மா" என்றார். நாலு பேர் காதில் விழும்படி, சத்தமாகவே.

உள்ளே தள்ளிக் கதவை மூடினார்கள். ஏழு பேரில் குள்ளமாக இருந்தவர் தன் பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாகக் கேட்டார்; ரகசியம் எல்லோருக்கும் கேட்டது.

"இனிமே ரிமோட்டுக்கு யார்யா தீர்ப்புச் சொல்லுவா?"

"நீ வாய மூடு. வழக்கு தள்ளுபடி" என்றார் மற்றவர். சொன்னவர் தோள்கள் குலுங்கின. அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது காரைச் சித்தப்பாவுக்கும் உறவுக்காரர்களுக்கும் விட்டுவிட்டு, அவள் இல்லத்து வேனில் ஏறிக்கொண்டாள். "நான் இவங்களோட வர்றேன்" என்றாள். கணவர் சரி என்றார். நடு இருக்கையில், இரண்டு பேருக்கு நடுவில் இடம் கிடைத்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை; அதன் வழியாக வந்த காற்று எல்லோர் தலையையும் கலைத்தது. பின்னால் யாரோ மதியச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார்கள். சிஸ்டர் பதில் சொன்னாள். பகல் வெயிலில் கடைகள் திறந்திருந்தன. ஒருவர் ஏணியில் ஏறிப் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் முன்னால், வேன் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அவருடைய கால் அவளுக்குத் தெரிந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். தூரத்தில் சிக்னல் மஞ்சளாகி, சிவப்பானது. வேன் ஓட்டுபவர் ஏதோ பேச்சு சுவாரசியத்தில் இன்னும் வேகத்தைக் குறைக்கவில்லை. டிரைவரின் வலது பாதம் மெதுவாக முன்னால் நகர்ந்து, வெறும் தரையை ஒரே சீராக அழுத்தியது.

வேன் குலுங்காமல் நின்றது.

முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகச் சாலையைக் கடந்துபோனார்கள். பாதம் அப்படியே இருந்தது. பச்சை விழுந்ததும், கட்டைவிரலில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது.